ஒருவர் இன்னும் வரவில்லை, தாமஸ்

செய்தி வந்தபோது நஞ்சன்கூட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரின் வயிற்றை ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். நர்ஸ் கிரேஸ் கதவைத் திறந்து, உள்ளே வராமல் நின்றார். “சார், ரெஜினா மேடம் போயிட்டாங்க. காலைப் பூசை முடிஞ்சு வரும்போது நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரி கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.” நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், “ஏன் சார், கேன்சரா?” என்றார். உங்களுக்கு ஒன்றும் இல்லை, வெறும் பித்தப்பைக் கல்தான் என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பினேன். பித்தப்பைக் கல். அன்றைக்கென்று அதுதான் வர வேண்டுமா?

அறுவை மருத்துவர் ரெஜினாவோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் அவர் பொறுமைசாலி, சிரித்த முகம் என்று பேசினார்கள். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. நான் அறிந்த ரெஜினா, கூட இருப்பவரைப் பிய்த்து எடுப்பவர். எங்களோடு படித்தவர்களுக்கு அது கல்லூரியிலேயே தெரியும். அவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு வராது.

மைசூரில் எங்கள் மருத்துவமனையில் பித்தப்பையை எடுத்ததும் வயிற்றில் ஒரு குழாயை விட்டுத் தைப்பது வழக்கம். உள்ளே ஏதாவது கசிந்தால் வெளியே வந்துவிடும் என்ற கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் கசியாது. குழாய் இருக்கிற பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் அவதிப்படுவதுதான் மிச்சம். ஒரு நாள் காண்டீனில் ரெஜினா கேட்டார்: “குழாய் நோயாளிக்கா, இல்ல நம்ம தூக்கத்துக்கா? சொல்லப்பா.” வெளிநாட்டு ஆய்வுகளைக் காட்டினால் மூத்த மருத்துவர்கள், “அது அவங்க ஊருக்கு” என்பார்கள். ஆகவே இங்கேயே ஆராய்ந்து பார்த்துவிடுவது என்று தொடங்கினார். ஒத்துக்கொண்ட நோயாளிகளில் சிலருக்குக் குழாய், சிலருக்கு இல்லை. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். அறுவை முடியும்போதுதான் அதைப் பிரிக்க வேண்டும்.

ஒரு மூத்த அறுவை மருத்துவர், தன் சொந்தக்காரருக்குக் குழாய் கட்டாயம் வேண்டும் என்று உறையைத் தியேட்டர் விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ரெஜினா நேரே மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குப் போய், பிரியாணி கட்டுகிற அலுமினியத் தாளை உருளை உருளையாக வாங்கி வந்தார். மாலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டையும் அதில் சுற்றி மறுபடி உறையில் போட்டு ஒட்டினோம். எனக்கு விரல் எரிந்தது. “இப்ப சூரியனையே பிடிச்சுப் பார்க்கட்டும்” என்றார்.

பிறகு ஸ்கேன் செய்து பார்ப்பது என் வேலை. யாருக்குக் குழாய் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, எல்லார் வயிற்றிலும் ஒரே இடத்தில் பிளாஸ்திரி ஒட்டினார். ஸ்கேன் டாக்டரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று நோயாளிகளை மிரட்டியும் வைத்திருந்தார். ஒரு அம்மாளிடம் பெயர் கேட்டேன். “ஏனூ ஹேளபேடி அந்தித்தாரே மேடம்” என்றார். எதுவும் சொல்லாதே என்று மேடம் சொன்னாராம். கடைசிவரை பெயரும் சொல்லவில்லை, வலிக்கிற இடமும் சொல்லவில்லை. ரெஜினாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆய்வு முடிந்தது, கட்டுரையும் எழுதியாயிற்று. குழாய் இல்லாதவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், வலியும் குறைவு, யாருக்கும் தீங்கு இல்லை. கட்டுரை வெளியானால் எங்கள் மருத்துவமனையில் வழக்கத்தை மாற்ற நிர்வாகம் சம்மதித்திருந்தது. ஆனால் ரெஜினா அனுப்ப மறுத்தார். “ஒருத்தர் இன்னும் வரலை, தாமஸ்.” மாதேஸ்வரன் மலையில் தேங்காய், கற்பூரக் கடை வைத்திருப்பவர். மாதேசன் என்று வைத்துக்கொள்வோம்; அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்கு அந்தப் பெயர்தான். அறுவைக்குப் பிறகு அவர் வரவேயில்லை, போனையும் எடுப்பதில்லை. தொடர்பில் இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பு, ஊரில் எல்லா ஆய்விலும் அப்படித்தான் என்றேன். “வந்தவங்க நம்மளைப் பத்தி நல்லாத்தான் சொல்வாங்க. வராதவங்ககிட்டதான் கேக்கணும்” என்றார். கொள்ளேகால் பஸ் பிடித்து மலைக்கே போனார். ஆள் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பதாக மனைவி சொன்னார். இன்னொரு முறை போனார். அதே பதில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ தேடுகிற அந்த ஒருவருக்காக, வார்டில் இத்தனை பேர் வேண்டாத குழாயோடு படுத்திருக்கிறார்களே என்று கத்தினேன். “தெரியும்” என்றார். தெரிந்தும் அனுப்பவில்லை. கட்டுரை கணினியில் கிடந்தது, குழாய்கள் வயிறுகளில் கிடந்தன, அவர் கல்லறைக்குப் போய்விட்டார். இதை எப்படி மன்னிப்பது?

இரங்கல் கூட்டம் முடிந்ததும் டீன் என் தோளைத் தட்டி, “அவங்க நினைவா உடனே அனுப்பிடுங்க” என்றார். வீட்டுக்கு வந்து கட்டுரையைத் திறந்தேன். ‘யாருக்கும் தீங்கு நேரவில்லை’ என்ற வரியில் வந்து நின்றேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு, வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே மலைக்குப் போனேன்.

கடையில் மாதேசனே உட்கார்ந்திருந்தார். மைசூரிலிருந்து வருகிறேன், ரெஜினா டாக்டர் கூட வேலை பார்ப்பவன் என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

“திருப்பூரிலிருந்து எப்ப வந்தீங்க?”

“திருப்பூருக்கெல்லாம் போவலீங்க. அந்தம்மா ரெண்டு தடவ வந்தப்பவும் உள்ளாரதானுங்க இருந்தேன்.” கடைக்குப் பின்னால் தேங்காய் மூட்டை அடுக்கியிருந்த இடத்தைக் காட்டினார்.

மெல்ல மெல்லச் சொன்னார். ஊருக்கு வந்த வாரமே வயிறு வீங்கிவிட்டதாம், காய்ச்சலாம். மச்சினன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். பித்தநீர் கசிந்திருக்கிறது. அங்கே குழாய் விட்டு எடுத்திருக்கிறார்கள். பிழைத்ததே பெரிய பாடு. சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். எங்கள் தியேட்டரில் பிரித்த உறையில் அவருக்குக் குழாய் இல்லை என்றுதான் இருந்தது.

“ஏன் எங்ககிட்ட வரல? அந்தம்மா தேடி வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“எப்படிங்க சொல்றது? எங்கூட்டு ஆளாட்டம் பாத்துக்கிட்டாங்க. உங்க வைத்தியம் சரியாப் போவலைன்னு அந்தம்மா மூஞ்சியப் பாத்துச் சொன்னா, அவங்க மனசு நோவாதுங்களா?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவருக்கு மனம் நோகக் கூடாது என்று இவர் ஒளிந்துகொண்டார். இவர் ஒளிந்ததால் அவர் அலைந்தார். ரெஜினா சொன்னது சரியாகப் போயிற்று. அதை அவரிடம் ஒத்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. இதைவிட எரிச்சல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

மாதேசன் ஒரு இளநீரை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு, “அம்மா நல்லா இருக்காங்களா? அடுத்த தடவ வந்தா நானே சொல்லிப்போடறனுங்க” என்றார்.

நல்லா இருக்காங்க என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல மனம் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, அவர் மூட்டைக்குப் பின்னால் ஏன் உட்கார்ந்தார் என்று. இளநீரைக் கீழே வைத்துவிட்டு, அம்மா இறந்துபோனதைச் சொன்னேன். அவர் கத்தியைத் தேங்காய் மேல் வைத்துவிட்டு, ஒரு கற்பூரத்தை எடுத்துக் கடை வாசலில் ஏற்றினார்.

கட்டுரையை அனுப்பிவிட்டேன். தொடர்பில் இல்லாதவர்கள்: யாரும் இல்லை. தீங்கு: ஒருவர். முடிவு மாறவில்லை, எல்லாருக்கும் குழாய் தேவையில்லைதான். ஆனால் வயிறு வீங்கினால் வெட்கப்படாமல் எங்களிடமே திரும்பி வாருங்கள், எங்கள் மனசைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்தேன். அது வெளியாகும்வரை குழாய்கள் தொடரும். அந்தக் கோபம் அவர் மேல் எனக்கு இருக்கிறது, இருக்கட்டும். ரெஜினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். இப்போது ஸ்கேன் மேசையில் யாராவது சிரித்துக்கொண்டே “நல்லா இருக்கேன் சார்” என்றால் அதோடு நான் விடுவதில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடி கேட்கிறேன்.