கொடியில் காய்ந்த இரண்டு பனியன்கள்

எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரத்துக்கும் சன்னல் கம்பிக்கும் நடுவே ஒரு கொடிக்கயிறு கட்டியிருக்கும். அந்த வருடம் மாரியம்மன் நோம்பித் திருவிழா நெருங்கிய நாட்களில் அதில் இரண்டு பனியன்கள் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று வெள்ளை, முதுகில் நீலத்தில் நான்கு என்ற எண். மற்றது மஞ்சள், முதுகில் சிவப்பில் அதே நான்கு. துணியில் எண்ணை வெட்டி இரண்டிலும் வைத்துத் தைத்தவள் நான். ஊரில் தையல் மெஷின் எங்கள் வீட்டில்தான் இருந்தது. இரண்டும் ஒரே ஆளின் அளவு, என் அண்ணனின் அளவு. வெள்ளை, அவன் வேலை பார்த்த திருப்பூர் பனியன் கம்பெனியின் சடுகுடு அணிக்கு. மஞ்சள், எங்கள் ஊர் அணிக்கு. மஞ்சள் பனியன்கள் கம்பெனிகள் கழித்துப்போடும் செகண்ட்ஸில் வாங்கிச் சாயம் போட்டவை என்பதால் தண்ணீர் பட்டதும் சாயம் விட்டது. காற்றில் ஆடி ஆடி வெள்ளையின் தோளில் ஒரு மஞ்சள் கறை ஒட்டிக்கொண்டது. நான் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. வாசல் வழியாகப் போனவர்கள் எல்லாரும் கொடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

அண்ணனைப் பார்த்தால் சடுகுடு ஆடுகிறவன் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஒல்லிக்குச்சி. ஒரு மூட்டையைத் தூக்கச் சொன்னால் துணைக்கு ஆள் தேடுவான். ஆனால் கோட்டைத் தாண்டி எதிரணிக்குள் பாடிப் போனான் என்றால் அந்த மூச்சு எங்கே முடியும் என்று சொல்ல முடியாது. பிடித்துவிட்டோம் என்று நாலு பேர் மண்ணில் உருண்டுகொண்டிருப்பார்கள், இவன் நடுக்கோட்டில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். அப்பா போன பிறகு திருப்பூருக்குப் போய் நிட்டிங் மெஷினில் சேர்ந்தான். அந்தக் கம்பெனி முதலாளி ஒரு சடுகுடுப் பைத்தியம். ஆடத் தெரிந்தவனுக்கு ஷிப்டில் சலுகை கொடுத்தார், தங்க ரூம் கொடுத்தார். மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அந்த மாதிரிக் கம்பெனி அணிகளின் ஆட்டத்தைத்தான் வந்து பார்த்தார்கள். கிராமத்து அணியை யார் சீந்தினார்கள்? மாநில அணி என்பது ஒன்றுதான் அண்ணனுக்கு இருந்த ஆசை. வேறு அணிக்காக ஓர் ஆட்டம் ஆடினாலும் டீமிலும் இடமில்லை, மெஷினிலும் இடமில்லை என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லிவைத்திருந்தார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் சொன்னதைச் செய்வார்கள் என்பது என் அனுபவம்.

அதுவரை எங்கள் ஊர் ஆட்டக்காரர்கள் சாமளாபுரத்துக்கும் பல்லடத்துக்கும் சைக்கிளில் போய் ஆடிவிட்டு வந்தவர்கள். அந்த வருடம் நோம்பியோடு சேர்த்து நம் ஊரிலேயே போட்டி நடத்துவது என்று பெரியதனக்காரர் முடிவு செய்தார். ஊர்க் காரியம் எதுவானாலும் அவர் தலையசைத்தால்தான் நடக்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, உயர வேண்டிய தேவையும் அவருக்கு இருந்ததில்லை. எங்கோ ஒரு தேசத்தில் ஒலிம்பிக் நடக்கப்போகிறது என்று டீக்கடைப் பேப்பரில் படித்த யாரோ ஒருவர் இதற்குக் கிண்டலாக ‘நம்மூர் ஒலிம்பிக்’ என்று பெயர் வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. பருத்திக் காட்டைச் சமன் செய்து, கல் பொறுக்கி, செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து ஊரே மிதித்தது. தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டுப் பந்தல்கால் நட்டார்கள். வருகிற அணிகளுக்கு எந்த வீட்டில் பாய், எந்த வீட்டில் சோறு என்பதுவரை பேசி வைத்தார்கள். இத்தனையும் அண்ணனை நடுவில் நிறுத்திக் காட்டத்தான். ஊருக்கு வேறு பெருமை என்ன இருந்தது? ஆனால் போட்டிக்கு வருகிற அணிகளில் அண்ணனின் கம்பெனி அணியும் இருந்தது.

எங்கள் பக்கம் நோம்பிக்கு முன்னால் சாட்டு என்று ஒன்று உண்டு. கோயில் முன்னால் பறையடித்து, இன்ன நாளில் நோம்பி என்று ஊருக்குச் சொல்வது. அந்தச் சத்தம் கேட்கும்போது ஊருக்குள் இருக்கிறவர்கள் நோம்பி முடியும்வரை வேறு ஊரில் இரவு தங்கக் கூடாது. அவர்கள் அம்மனுக்குக் கட்டுப்பட்டவர்கள். சாட்டன்று வெளியூரில் இருந்துவிட்டவனுக்கு அந்தக் கட்டு இல்லை. அந்த நோம்பிக்கு மட்டும் அவன் வெளியூர்க்காரன். லாரி ஓட்டுகிறவர்களும் மில்லுக்குப் போகிறவர்களும் பிழைப்புக்காக இப்படி ஒதுங்கிக்கொள்வது வழக்கம்தான், யாரும் குறை சொன்னதில்லை. அண்ணன் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“சாட்டன்னிக்கு நான் வரமாட்டேன் அம்மிணி. வரலீன்னா அந்த நோம்பிக்கு வெளியூர்க்காரன்தானே? வெளியூர்க்காரன் எந்த டீமுக்கு ஆடுனா என்ன? சாமிக்கும் குத்தமில்ல, ஊருக்கும் கொறையில்ல” என்றான்.

கம்பெனியும் மிஞ்சும், ஊரும் மிஞ்சும் என்று அவனுக்குக் கணக்கு. தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமை. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

சாட்டு நடந்தது, அண்ணன் வரவில்லை. ஊருக்கு விளங்கிவிட்டது. மறுநாள் நான் மஞ்சள் பனியனை மடித்து எடுத்துக்கொண்டு பெரியதனக்காரர் வீட்டுக்குப் போனேன். வேறு யாருக்காவது ஆகுமே என்று கொடுத்துவிட்டு வரத்தான். அவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் குழந்தையாக இருந்தபோது என்னைத் தூக்கித் தேர் காட்டியவர். என்னைக் கண்டதும் கட்டிலில் தள்ளி உட்கார்ந்து, எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். உள்ளே பார்த்து, வந்தவர்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். அந்த வீட்டில் நான் அதுவரை நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. பனியனை நீட்டினேன். அவர் கை நீட்டி வாங்கவில்லை.

“அது இருக்கட்டுங்க. உங்க ஊட்லயே இருக்கட்டும்” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன். மோரைக் குடித்துவிட்டு வந்தேன். பனியனை மறுபடி அலசிக் கொடியில் போட்டேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிறகு வந்த நாட்களில் அம்மாவும் நானும் அண்ணனின் காலைப் பற்றித்தான் பேசினோம். சடுகுடுவில் ஏழு பேர் ஒருவன்மேல் விழுகிறார்கள். யார் முட்டி எங்கே பட்டது என்று எந்தச் சாமியாலும் சொல்ல முடியாது. பக்கத்து ஊரில் அணி மாறி ஆடிய ஒருவனை மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்ததை நாங்கள் பார்த்திருந்தோம். அவன் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவில்லை. எங்கள் ஊர்ப் பையன்கள் மாலையில் பயிற்சி எடுக்கும்போது சத்தமே வராது. நான் தண்ணீருக்குப் போனால் குடம் தூக்கிவிட ஓடி வந்தார்கள். அதுவும் பயமாக இருந்தது.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி அணி வேனில் வந்து இறங்கியது. அண்ணன் வெள்ளைப் பனியனுக்காக வீட்டுக்கு வந்தான், கொடியிலிருந்து உருவினான், தோளில் இருந்த கறையைப் பார்த்துச் சிரித்தான். அம்மா திருநீறு பூசி, வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அதற்குள் வாசலில் ஆள் வந்து நின்றது. வெளியூர் அணிகளுக்குப் பந்தலில் இலை போட்டாயிற்று, அவரும் வரவேண்டும் என்று அண்ணனுக்கு அழைப்பு. விருந்தாளிகளை எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். ஒறம்பரைக்குச் செய்கிற மரியாதை எதுவும் குறையவில்லை. கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள், தலைவாழை இலை போட்டார்கள், பெரியதனக்காரரே நெய் ஊற்றினார். தன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அண்ணன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். நல்ல உபசரிப்பு என்று கம்பெனிக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். அண்ணனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை என்பதைப் பெண்கள் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

மாலையில் கடைசி ஆட்டம் எங்கள் ஊருக்கும் கம்பெனிக்கும் அமைந்தது. கம்பெனியின் மற்ற ஆட்டக்காரர்கள் பாடி வந்தபோது எங்கள் பையன்கள் புழுதி பறக்கப் பிடித்தார்கள். ஜனம் ஆரவாரம் செய்தது. பிறகு அண்ணன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாடிப் போனான். அம்மா என் கையை இறுக்கிக்கொண்டாள். எதிரில் நின்ற ஏழு பேரும் அவனோடு பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே கிணற்றில் குதித்தவர்கள். ஏழு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அண்ணன் ஒருவனைத் தொட்டான். தொடப்பட்டவன், இவன் கோட்டுக்குத் திரும்புவதற்குள்ளேயே, தலையைக் குனிந்து வெளியே போனான். இன்னொருவனைத் தொட்டான். அவனும் போனான். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார். அத்தனை பெரிய மைதானத்தில் ‘சடுகுடு சடுகுடு’ என்ற அவன் ஒரு குரல் மட்டும் கேட்டது.

அடுத்த முறை பாடிப் போனவன் தன் உயிர்ச் சிநேகிதனின் எதிரில் போய் நின்றான். காலை நீட்டினான், கையை நீட்டினான், மார்பில் இடிக்கிற அளவுக்கு நெருங்கினான். பிடி என்று கெஞ்சுகிறான் என்பது எனக்குத் தெரிந்தது. பாடிக்கொண்டே பேச முடியாது, பாட்டை விட்டால் அவுட். அண்ணன் பாட்டை விட்டான். அவன் வாழ்க்கையில் மூச்சிருக்கும்போது பாட்டை விட்டது அன்றுதான்.

“புடிறா” என்றான்.

“வேண்டாமுங்க” என்றான் சிநேகிதன்.

நடுவர் விசிலை ஊதி, இது என்ன ஆட்டம் என்று பெரியதனக்காரரைக் கேட்டார். அவர் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் மெதுவாகச் சொன்னார்: “ஒறம்பரை மேல கை வெக்கற பழக்கம் எங்கூர்ல இல்லீங்க.”

ஊர் தன் சொந்த மண்ணில், தானே கூட்டிய கூட்டத்தின் முன்னால் தோற்றது. அண்ணனுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்து நோம்பியைச் சிறப்பித்தவர் என்று மைக்கில் சொன்னார்கள். எலுமிச்சம்பழம் கொடுத்து வேன்வரை வந்து வழியனுப்பினார்கள். அவன் கால் நன்றாகத்தான் இருந்தது. அம்மா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஒரு நோம்பியோடு போய்விடும் என்று நம்பினோம். அடுத்த வருடம் சாட்டுக்கு முன்பே அண்ணன் வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டான். பறைச் சத்தம் அவன் காதில் நன்றாக விழுந்தது. அம்மன் பொங்கலுக்கு வீடு வீடாக அரிசி வாங்க வந்தார்கள். அம்மா முறத்தில் அரிசியோடு வாசலில் நின்றாள். வந்தவர்கள் அண்ணனைப் பார்த்து, எப்போது வந்தீர்கள், சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். முறத்தைக் கீழே வைக்க அம்மாவுக்கு வெகுநேரம் ஆயிற்று. சண்டை போட்டிருந்தால் காலில் விழலாம். பஞ்சாயத்து வைத்திருந்தால் தண்டம் கட்டலாம். இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிறவர்களிடம் எதற்கென்று போய் மன்னிப்புக் கேட்பது? அவர்கள் செய்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மாநில அணித் தேர்வுக்கு அண்ணன் போனான். பாடத் தொடங்கினால் எதிரில் நிற்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டான். அதோடு ஆட்டம் முடிந்தது. வெள்ளைப் பனியன் நிட்டிங் மெஷினின் எண்ணெய் துடைக்கிற வேஸ்ட் துணியோடு போயிற்று.

சில வருடங்கள் கழித்து அம்மா இறந்தபோது ஊரே வந்தது. ஒரு காரியமும் குறைவில்லாமல் நடந்தது. அண்ணன் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தான். பெரியதனக்காரர் அவனுக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

“தம்பிக்கு எந்த ஊருங்க?”

சுற்றி இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தான். தான் பிறந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, “திருப்பூருங்க” என்றான். பிறகு அவன் எங்கள் ஊர்ப் பக்கமே போகவில்லை.

போன மாதம் பல்லடத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தான். டீவியில் ஏதோ பந்தயம். போட்டியை நடத்துகிற தேசத்திலேயே பிறந்தவன் ஒருவன் இன்னொரு தேசத்தின் பனியனைப் போட்டுக்கொண்டு ஓட வந்திருந்தான். அரங்கம் முழுக்க ஊளையிட்டார்கள். பாவம் அந்தப் பையன் என்றாள் என் மருமகள். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவனுக்கென்ன, கத்தறாங்கல்ல” என்றான். “இன்னும் அவிக ஆளுன்னு நெனைக்கறாங்க. அன்னிக்கு ஒருத்தனாச்சும் புடிச்சு எங்காலை ஒடிச்சிருந்தா, எனக்கு ஊரு இருந்திருக்கும் அம்மிணி.”

நான் உள்ளே போய்ப் பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் பனியனை எடுத்து வந்து கொடுத்தேன். சாயம் வெளுத்திருந்தாலும் என் தையல் ஒன்றும் பிரியவில்லை. அண்ணன் அந்தச் சிவப்பு நான்கின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். நடுவில் சதை போட்டவன் வயதில் மறுபடி ஒல்லிக்குச்சியாகிவிட்டான், கட்டாயம் அளவாக இருக்கும். போட்டுப் பாருங்கண்ணா, இங்கே யார் இருக்கிறார்கள் என்றேன். சட்டைப் பொத்தானில் கை வைத்தவன் நிறுத்திக்கொண்டான்.

“இது ஊர்க்காரன் போடறது” என்று சொல்லி, மடித்து என்னிடமே கொடுத்துவிட்டான்.

பெட்டி வாடை போகட்டும் என்று அலசி மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். தண்ணீரில் இப்போது சாயம் விடவில்லை. அண்ணன் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மேலே நிமிர்ந்து ஒருமுறை பார்த்தான், அன்று எங்கள் வாசல் வழியாகப் போன ஊர்க்காரர்களைப் போலவே, ஒன்றும் கேட்காமல் போனான்.