மிச்சம் என்று எழுதிய போத்தல்

கலஹாவிலிருந்து பேராதனைக்கு வரும் காலை பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நின்றுகொண்டே வந்து, எட்டு மணிக்குப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் குனிந்தால் சாப்பாட்டு நேரம்வரை தலை நிமிராது. வேலை, சேறு பொறுக்குவது. மேற்குக் கரையில் ஆறு கடலோடு சேரும் இடத்துக் கண்டல் காட்டிலிருந்து அந்தச் சேறு வாளி வாளியாக வரும். சல்லடையில் அலசி, வெள்ளைத் தட்டில் பரப்பி, இடுக்கியால் புழு, நண்டுக்குஞ்சு, நத்தை, கூனி இறால் என்று பிரித்துப் போத்தல்களில் போட வேண்டும். கடைசிப் போத்தலில் 'மிச்சம்' என்று எழுதி ஒட்டியிருக்கும். அந்த மரங்களை நான் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. அவற்றின் சேற்றை மட்டும் நன்றாகத் தெரியும்.

அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் தேயிலை ஃபெக்டரியில் இருந்தேன். காய்ந்த தூளிலிருந்து காம்பையும் நாரையும் பொறுக்கி வீசுவதுதான் அங்கே என் வேலை. ஒரு காம்பு தப்பினாலும் பேச்சு விழும். எனக்கு விழுந்ததில்லை. ஃபெக்டரியை மூடினார்கள், கழுத்து வலியோடு இங்கே வந்து சேர்ந்தேன். பொறுக்கத் தெரிந்த ஆள் என்றுதான் எடுத்தார்கள்.

சேறு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிக்கும் ஒரு பெண்ணுடையது. கண்டல் காட்டில் எது எதைத் தின்று வாழ்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. மரத்தடி, கரை, ஓடையின் நடு என்று மூன்று இடத்தில் சேறு எடுத்து வருவாள். எனக்கு மகள் வயது. ஆனாலும் நான் மிஸ் என்பேன், அவள் அக்கா என்பாள்.

ஒரு நாள் கணினியின் முன்னால் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மிஸ், தலவலியா?"

"இல்லை அக்கா. மரத்துக்குக் கீழ எடுத்த சேத்திலயே இலை இல்லை. கண்டல் இலை விழுந்து அழுகினாத்தான் நண்டுக்கும் புழுவுக்கும் சாப்பாடு. அதுகளைக் கூனியும் மீனும் தின்னும், மீனைக் கொக்கு தின்னும். அடியில ஒண்டுமே இல்லாட்டி இவ்வளவு நண்டும் எதைத் திண்டு சீவிக்குது?"

தட்டில் கிடந்த கறுத்த இலைத் துண்டுகளையெல்லாம் நான்தான் முதலில் பொறுக்கிப் பின்பக்கக் குப்பைக் குவியலில் கொட்டினேன். குப்பையோடு ஒரு போத்தலை யாரிடமாவது கொடுப்பதா என்று, 'மிச்சம்' போத்தலில் வெறும் வண்டலை மட்டும் பளிச்சென்று நிரப்பிக் கொடுத்தேன். இலை அதில்தான் இருக்கும் என்று அவளும் அதைக் காயவைத்து எடை பார்த்திருக்கிறாள்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நாட்சம்பளக்காரி நான், போ என்றால் போக வேண்டியதுதான். இந்த வயதில் இன்னொரு வேலை தேடி அலைய உடம்பில் தெம்பும் இல்லை. நான்காம் நாள், இலை குறைவு என்றே எழுதிக் கொடுக்கப்போவதாக அவள் சொன்னாள். உண்மை இல்லாத ஒன்றை அந்தப் பிள்ளை தன் பெயர் போட்டு எழுதப்போகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"மிஸ், இலை இருந்துச்சு. குப்பைன்னு நெனச்சு நான்தான் எல்லாத்தையும் வீசிட்டேன்."

"எத்தனை வாளியில?"

"எல்லா வாளியிலயும்."

எழுந்து பின்பக்கம் போனாள். நானும் போனேன். மூன்று இடத்து இலையும் ஒன்றாகக் கலந்து, மழையில் ஊறி, வேலிக்கரையில் கிடந்தது. அவள் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள், பார்த்தாள், கீழே போட்டாள். மழைக்கு முந்திய சேறு இனி அடுத்த வருஷம்தான் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

திரும்பி வந்து இலையின் எடையை எழுதியிருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். ஏதாவது திட்டுவாள் என்று பக்கத்திலேயே நின்றேன்.

"எது வேணுமெண்டு நான் உங்களுக்குச் சொல்லித் தரேல்லை அக்கா. அது என்ர பிழை" என்றாள். "நாளைக்கும் வாங்கோ."

திட்டியிருந்தால் தேவலை. ஃபெக்டரியில் திட்டு வாங்கியவர்கள் மறுநாள் அதை மறந்துவிடுவார்கள். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவளுடைய ஒரு வருஷம் அந்த வேலியோரத்தில் கிடக்கிறது.

இப்போது மழைக்காலத்துச் சேறு வருகிறது. நாரைக்கூட விடாமல் இலையைத் தனிப் போத்தலில் சேர்க்கிறேன். நேற்று ஒரு கறுத்த துண்டை எடுத்தபோது அதன் அடியில் நூல்போல ஒரு புழு ஒட்டிக்கொண்டிருந்தது. புழுவை மட்டும் பிரித்துவிட்டு, இலைத் துண்டோடு என் கை தானாகவே குப்பைக் கூடைப் பக்கம் போயிற்று. மற்றக் கையால் அதைப் பிடித்து நிறுத்தினேன்.