ஜான்ரோஸ் அனைவரின் பாஸையும் ரத்து செய்த வரலாறு

“எனக்கு அனுமதி குடுத்துத்தான் பழக்கம் மக்கா. கேட்டுப் பழக்கம் கெடையாது. அரபிகிட்டயும் கேட்டதில்ல, ஆருகிட்டயும் கேட்டதில்ல.”

ஜான்ரோஸ் இந்தப் பிரகடனத்தை முதன்முதலில் வெளியிட்டது புதுக்கடை சந்திப்பில், ஓர் ஆட்டோ ஓட்டுநரிடம். ஓட்டுநர் சொன்னது, “அண்ணே, கொஞ்சம் நீங்கி இருங்க, இன்னொரு ஆளு ஏறணும்” என்பது மட்டும்தான். பிறகு அந்த வாக்கியம் தேவாலயத்தின் பங்குப் பேரவைக் கூட்டம், ரேஷன் கடை வரிசை, மகள் ஷீஜாவின் கல்யாணப் பந்தி என்று பல மேடைகளைக் கண்டது. அதை அதிகம் கேட்டவர் அவருடைய மனைவி லில்லிபுஷ்பம். கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கும் பாத்திரத்தைச் சற்று ஓசையோடு கீழே வைப்பாள். அதுதான் அவளுடைய பதிலுரை.

வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜான்ரோஸ் இருபது வருடங்களுக்கும் மேலாகக் குவைத்தில் ஒரு கம்பெனியின் வாசலில் கேட் பாஸ் கொடுத்தவர். லாரி, குழாய், வெல்டர், இன்ஜினியர், இன்ஜினியரின் சோற்றுப் பாத்திரம், எதுவானாலும் அவர் முத்திரை குத்தினால்தான் உள்ளே போகும். பாஸில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் வாசித்தது கிடையாது. முகத்தைப் பார்ப்பார், குத்துவார். “வாசிக்கதுக்கு உள்ள வேற ஆளு உண்டு” என்பார்.

உள்ளே ஏதாவது களவு போனால் அங்கே ஒரு நடைமுறை. முதலில் அத்தனை பேரின் பாஸையும் ரத்து செய்துவிடுவார்கள். பிறகு வேண்டியவர்களுக்கு மட்டும் ஒவ்வொருவராகப் புதுப் பாஸ். அன்றைக்கு மேனேஜர்கூட வெயிலில் நிற்பார். ஜான்ரோஸ் நிற்கமாட்டார். வாசலிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு எதற்குப் பாஸ்? உலகத்தில் உள்ள வாசல்கள் எல்லாமே இந்த அமைப்பில்தான் கட்டப்பட்டிருக்கின்றன என்ற நம்பிக்கையோடு அவர் ஊர் திரும்பினார்.

2011-இல் மார்த்தாண்டத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பொருத்த வந்தவர் யார் பெயரில் திறக்கட்டும் என்று கேட்டபோது ஜான்ரோஸ் கொல்லையில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். அதனால் திரையில் லில்லி என்ற பெயர் ஏறியது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘வீடு’ என்று ஒரு ஃபோல்டரை உண்டாக்கித் தன் குவைத் படங்களை எல்லாம் அதற்குள் போட்டார். லில்லிபுஷ்பமும் தன் நாடகத்தை அதற்குள்தான் வைத்திருந்தாள்.

நாடகம் என்று சொன்னது திருவிழா நாடகம். ஊர்த் திருவிழாவில் வருடாவருடம் கோயிலைச் சேர்ந்த வீட்டுக் குழுக்களான அன்பியங்களுக்குள் நாடகப் போட்டி நடக்கும். அந்த வருடம் எழுதும் பொறுப்பு லில்லிபுஷ்பத்தின் தலையில் விழுந்தது. அவள் எடுத்துக்கொண்டது, பெருமழைக்கு முன் பேழை என்ற கப்பலைக் கட்டி மிருகங்களை ஏற்றிய நோவாவின் மனைவியை. வேதாகமத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயரும் கிடையாது, பேச்சும் கிடையாது. லில்லிபுஷ்பம் இரண்டையும் கொடுத்தாள், பேச்சைச் சற்று தாராளமாகவே கொடுத்தாள். முதலில் கையால் எழுதி, பிறகு ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டி, தவக்காலத்தின் நாற்பது நாளும் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஏற்றி முடித்த வாரமே ஜான்ரோஸ், “எனக்க கம்பெனியில பேப்பரே ஒழிச்சாச்சு” என்று கையெழுத்துத் தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்.

அவர் நாடகத்தை வாசிக்காமலும் இல்லை. வாசித்து ஒரு திருத்தமும் சொன்னார். பேழையின் கதவில் ஒரு அதிகாரி வேண்டும், ஒவ்வொரு மிருகத்துக்கும் பாஸ் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். சொன்னதோடு நிற்காமல் அந்த அதிகாரிக்குத் தானே ஒரு நீண்ட வசனமும் தட்டி நடுவில் சேர்த்து வைத்திருந்தார். லில்லிபுஷ்பம் அதைக் கண்டுபிடித்து அழித்தாள்.

“பாஸ் இல்லாம ஆனை எப்பிடி உள்ள போவும்?” என்று அவர் கேட்டார்.

“நீங்க மூஞ்சியப் பாத்துத்தானே விடுவிய. நோவாவும் அப்பிடியே விட்டாரு.”

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை லில்லிபுஷ்பத்தின் தம்பி சிலுவைதாசன் வந்தார். கருங்கலில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். அத்தான் குளித்து வருவதற்குள் ‘வீடு’ ஃபோல்டரைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டார். அதில் ஒன்று, கேட் அறையில் ஜான்ரோஸ் வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் ஒரு ஒட்டகம் கம்பெனிக்குள் போய்க்கொண்டிருக்கும் படம். யாரோ கூட வேலை பார்த்த துரோகி எடுத்துக் கொடுத்தது. மறுநாள் கருங்கல் சந்தையில் மீன் வாங்கப் போன ஜான்ரோஸிடம், முன்பின் தெரியாத ஒருவர், “அண்ணாச்சி, ஒட்டகத்துக்குப் பாஸ் உண்டாயிருந்துதா?” என்று விசாரித்தார்.

ஜான்ரோஸ் மீன் வாங்காமல் திரும்பினார். சட்டையைக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

முதல் காரியமாக ஆளுக்கொரு கணக்கு ஏற்படுத்தினார். ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு சாவி. லில்லி என்ற பெயருக்குக் கீழே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று போட்டிருந்தது. அதை அவளுக்கே விட்டுக் கொடுத்தார். அவருடைய கம்பெனியில் அட்மின் என்றால் தண்ணீர் கேன் வந்ததா, விமான டிக்கெட் போட்டாச்சா என்று பார்க்கிற ஆள். தனக்கென்று சாதாரணப் பயனர் என்ற கணக்கை எடுத்துக்கொண்டார். “ரகசியச் சொல்லு ஒண்ணு போட்டுக்க. எங்கிட்டகூட சொல்லப்பிடாது. அதாக்கும் செக்யூரிட்டி” என்று மனைவிக்கு உத்தரவிட்டார். அவள் போட்டாள், சொல்லவில்லை. கல்யாணமான நாள் முதல் அவருடைய உத்தரவு ஒன்றை அவள் இவ்வளவு மனமுவந்து நிறைவேற்றியது அதுதான் முதல் தடவை.

அவள் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போன பிறகு, ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலை ஜான்ரோஸ் எடுத்தார். ஒருபக்கம் பெயர்கள், மறுபக்கம் அனுமதி, மறுப்பு என்று இரண்டு வரிசைக் கட்டங்கள். ஊரில் இல்லாத பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. கம்பெனி நடைமுறைப்படி, பட்டியலில் எல்லோரையும் சேர்த்து, மறுப்பு வரிசையில் மேலிருந்து கீழ்வரை டிக் போட்டார். இப்படிச் செய்தால் மற்ற அனுமதிகளும் செல்லாது, நிச்சயமாகத் தொடரலாமா என்று ஒரு எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தது. ஜான்ரோஸ் அதன் முகத்தைப் பார்த்தார், குத்தினார்.

பிறகு தன் கணக்குக்குப் போய், தனக்குத் தானே புதுப் பாஸ் வழங்குவதற்காக ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே போக உங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை.

“எனக்கா?” என்று ஜான்ரோஸ் திரையிடம் கேட்டார்.

தொடர்க என்று ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினார். ஒரு சிறு கட்டம் எழுந்தது. தொடர வேண்டுமானால் அட்மினிஸ்ட்ரேட்டரின் ரகசியச் சொல்லைத் தரவும். கீழே பெயர்: லில்லி.

அன்று மாலை லில்லிபுஷ்பம் நாடகத்தை அச்செடுக்க வேண்டும் என்று வந்து நின்றாள். சனிக்கிழமை போட்டி. நடிக்கிறவர்கள் கையில் இன்னும் ஒரு தாள்கூடக் கொடுத்தபாடில்லை.

“இப்பம் முடியாது. எல்லாருக்கும் ரத்து” என்றார் ஜான்ரோஸ். “வரிசையா ஒவ்வொருத்தருக்கா தருவேன்.”

“வரிசையில எனக்கு முன்ன ஆரு நிக்குதா?”

“நான்.”

அவள் அவரை விலக்கி உட்கார்ந்து தன் கணக்கில் திறந்து பார்த்தாள். அவளையும் உள்ளே விடவில்லை. ஆனால் செக்யூரிட்டி பகுதிக்குப் போய்ச் சரி செய்யலாம் என்று ஏதோ வழி சொன்னது. அவள் மவுஸில் கை வைத்தாள்.

“தொடாத ஏட்டி. ஒரு டிக்கு மாறிச்சுன்னா உள்ள உள்ளது மொத்தமும் அழிஞ்சு போவும்.”

இது அந்த நிமிடத்தில் ஜான்ரோஸ் கண்டுபிடித்த விதி. ஆனால் இருபது வருட வாசல் குரலில் சொன்னார். தவக்காலம் முழுக்க ஒற்றை விரலால் தட்டியதை நினைத்து லில்லிபுஷ்பம் கையை எடுத்துவிட்டாள். அந்தக் கையை எடுத்ததற்காக அவள் அந்த வாரம் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஜான்ரோஸ் மேற்கொண்ட நடவடிக்கைகள் வருமாறு அமைந்தன. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். திரையை ஈரத்துணியால் துடைத்தார். சூடு பிடித்திருக்கும் என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்து, தான் வியர்வையில் இருந்தார். பெட்டியைத் திறந்து தூசு ஊதினார், தும்மினார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஃபோல்டரைத் தட்டுவார். ஒவ்வொரு முறையும் லில்லி என்ற பெயரோடு அந்தக் கட்டம் எழும். உடனே அதை மூடிவிடுவார், அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டு.

“ஷீஜாக்க மாப்பிளகிட்ட போன் போட்டுக் கேக்கப்பிடாதா?” என்றாள் லில்லிபுஷ்பம்.

“மருமவன்கிட்டயா?”

“வித்த கடையில கேளுங்க.”

“வித்தவனுக்கு விக்கத்தான் தெரியும்.”

“பின்ன ஆருகிட்டதான் கேப்பிய?”

“கேக்காண்டாம். அதுவா வழிக்கு வரும்.”

“அதுவா வருததுக்கு அதென்ன உங்கம்மையா பெத்துது?” என்று சொல்லிவிட்டு அவள் கொல்லைக்குப் போய், துவைத்து முடித்த துணியையே மறுபடியும் துவைத்தாள்.

இதற்கிடையில் நோவாவின் மனைவியாக நடிக்க வேண்டிய ஆக்னஸ்மேரி காலையும் மாலையும் போன் செய்தாள். “லில்லியக்கா, வசனம் எப்பம் தருவிய? இல்ல, பொஞ்சாதி வாயத் திறக்காமலே கப்பல்ல ஏறிருவாளா? அப்பிடின்னா சொல்லுங்க, நான் ஒறங்கவாவது செய்யுதேன்.” மிருகங்களாக வரும் பெண்கள் இன்னும் மோசம். எந்த மிருகம் என்றே அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து அன்பியத்தின் நாடகத்தில் தேவதைக்குச் சிறகு தைத்தாகிவிட்டது என்ற செய்தி வேறு வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லில்லிபுஷ்பம் நம்பிக்கையை விட்டாள். பழைய காலண்டர் தாள்களைக் கிழித்து, அடுக்களை மேடையில் பரப்பி, நினைவிலிருந்து நாடகத்தை மறுபடியும் எழுத உட்கார்ந்தாள். தொடக்கம் வந்தது. மழைக்காட்சி வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிற காட்சி வரவில்லை. அந்தக் காட்சிக்காகத்தான் அவள் நாடகமே எழுதினாள். எழுதினாள், வெட்டினாள், இன்னொரு தாள் எடுத்தாள். கடைசியில் ஆக்னஸ்மேரியை போனில் கூப்பிட்டு, எழுதியவரைக்கும் வாசித்து அவளை எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

“‘கடவுள் உங்களிட்ட சொன்னாரு. நீங்க எங்கிட்ட சொல்லல.’ எழுதினியா?”

“எழுதினேன் அக்கா. இது நீங்க அண்ணைக்கு வாசிச்சுக் காட்டினது மாதிரி இல்லியே. அண்ணைக்குக் கேட்டப்பம் எனக்கு மேலு புல்லரிச்சுது.”

“எனக்கும் தெரியும் இல்லன்னு. வரமாட்டேங்குதே, என்ன செய்ய?” லில்லிபுஷ்பம் போனைத் துணியில் பொத்திக்கொண்டு நின்றாள்.

“‘இந்த மழையப் பத்தி வானம் உங்ககிட்ட சொல்லிச்சு, சரி. ஒரே கூரைக்குக் கீழ இருக்க எங்கிட்ட சொல்ல உங்களுக்கு எந்த வானம் தடுத்துது?’”

அடுக்களை வாசலில் ஜான்ரோஸ் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் சொன்னார். வாசல் குரலில் இல்லை, சாதாரணமாகச் சொன்னார்.

லில்லிபுஷ்பம் அதை எழுதிக்கொண்டாள். “அடுத்தது?”

“அதுக்கு மேல எனக்கு வரல.” அவர் கதவு நிலையை நகத்தால் சுரண்டினார். “அது உனக்க ரகசியச் சொல்லக் கேக்குது.”

“எப்பத்துலேருந்து?”

“அண்ணைக்கே.”

இதற்குச் சொல்ல வேண்டியவை லில்லிபுஷ்பத்திடம் நிறைய இருந்தன. எதுவும் சிறியதல்ல. போட்டியோ நாளைக்கு. எனவே அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஜான்ரோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் நின்றார்.

“தொட்டா அழிஞ்சு போவுமா?” என்று கேட்டாள்.

“போவாது. வெறுதே சொன்னேன்.”

அவள் திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தாள். தெரியாத ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி எடுத்தாள். மறுப்பு என்று அவர் சேர்த்திருந்ததை நீக்கினாள். இந்த ஃபோல்டருக்கு மேலே இருப்பதில் என்ன அனுமதி உண்டோ அதே இதற்கும், உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் திரும்ப வரட்டும் என்று ஒரு வரி இருந்தது. அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு டிக் போட்டாள். ஒரு பச்சைக் கோடு ஓடி முடிந்தது. ஃபோல்டர் திறந்தது. ஒட்டகம் இருந்தது. நாடகமும் இருந்தது, கடைசிக் காட்சியில் ஒரு கால்புள்ளிகூடக் குறையாமல்.

லில்லிபுஷ்பம் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு நாடகத்தைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டாள். எழுந்துவிடவில்லை. நாடகத்தின் அனுமதிப் பட்டியலை மட்டும் தனியாக எடுத்தாள். அதில் ஜான்ரோஸ் என்ற பெயரைச் சேர்த்து, அதற்கு நேரே இருந்த கட்டங்களைப் பார்த்தாள்.

“உங்களுக்கு என்ன போடணும்?” என்று திரும்பாமலே கேட்டாள்.

வெளியே கோயில் மைக்கில் நாளைய நாடகங்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“வாசிக்க மட்டும் தருவியா?” என்று ஜான்ரோஸ் கேட்டார்.