சித்தி ஆடிய பெட்டி செல்லாது

சிதம்பரத்தில் கல்லூரியில் படித்தபோது சித்தி வீட்டில்தான் தங்கியிருந்தேன். அம்மாவின் தங்கை. பள்ளியில் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் அவள் நின்றால் பிள்ளைகள் தும்மக்கூடப் பயப்படுவார்கள். அப்படிப்பட்ட சித்தி வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி கேம் ஆடுவாள். இது எனக்கும் துபாயில் இருந்த சித்தப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்திருந்தாள்.

கேம் பெட்டி, பரங்கிப்பேட்டையில் ஃபாரின் சாமான் கடையில் வாங்கியது. ஜப்பான்காரன் பெட்டியைப் பார்த்து யாரோ செய்த நகல். நம்ம பக்கம் ஒரிஜினலை யார் கண்டார்கள்? கேசட்டைச் செருகினால் படம் வரும், வராவிட்டால் ஊதிவிட்டுச் செருக வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். சித்தி ஆடியது ஒரே ஆட்டம். ஒரு குட்டி வீரன் பள்ளமும் முள்ளும் தாண்டிக் கோட்டைக்கு ஓட வேண்டும். பாதியில் நிறுத்தி வைக்க முடியாது. அதுவோ கரண்ட் கட் காலம், ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது. இருக்கும்போதே மோட்டார் போட்டு, மாவு அரைத்து, மிச்ச நேரத்தில்தான் ஆட்டம். கோட்டைக்குப் போவதற்குள் கரண்ட் போனால் மறுபடி முதல் பள்ளம். வேகமாக ஆடுவதைத் தவிர சித்திக்கு வேறு வழியே இல்லை. அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை.

பழைய ஆட்டங்களை யார் சீக்கிரம் முடிப்பது என்று உலகம் முழுக்கப் போட்டி நடப்பதையும், அவரவர் நேரத்தை ஒரு வலைத்தளத்தில் வரிசையாகப் போடுவதையும் நெட்டில் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

"பெரியவங்களும் ஆடுறாங்களா?" என்றாள்.

"கல்யாணம் ஆனவங்க, வேலைக்குப் போறவங்க எல்லாம் இருக்காங்க சித்தி."

"அதுல என்னையும் சேப்பாங்களா?" என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் எப்படியாவது சேர்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

அவள் ஆடியதைச் செல்போனில் படம் பிடித்து அந்த வலைத்தளத்துக்கு அனுப்பினேன். பதில் வந்தது: நகல் பெட்டி செல்லாது. அசல் பெட்டி வேண்டும், இல்லையென்றால் எமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டரைப் பழைய பெட்டிபோல நடிக்க வைக்கும் மென்பொருள், அதுவும் அவர்கள் அனுமதித்ததாக இருக்க வேண்டும். எனக்கு உச்சந்தலை கொதித்தது. பெட்டி செல்லாதாம், கம்ப்யூட்டர் நடிப்பது செல்லுமாம்!

வாரக் கடைசியில் நான் கடலூரில் எங்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு சித்தியும் பஸ் ஏறி அங்கே வந்தாள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எமுலேட்டரைப் போட்டுக் கொடுத்தேன். வீரன் நேராக முதல் பள்ளத்தில் விழுந்தான். மறுபடியும் விழுந்தான். பாட்டுகூடத் தலைதெறிக்க ஓடியது.

"என்னடா இது, வெறி புடிச்சாப்ல ஓடுது?"

எமுலேட்டர்தான் ஃப்ராடு என்று இருவரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னோம். நான் அதைக் காரசாரமாக எழுதியும் அனுப்பினேன். ஒருவர் பொறுமையாக விளக்கினார். எங்கள் பெட்டி எங்கள் ஊர் டிவிக்காகச் செய்தது, அதனால் மெதுவாக ஓடுகிறது, கம்ப்யூட்டரில் பார்த்ததுதான் ஆட்டத்தின் சரியான வேகம். நகல் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஓடும், எதை வைத்து எதை அளப்பது என்று கேட்டிருந்தார்.

சித்தி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். "கரெக்டாதானே சொல்றாங்க? ஒரு ஹால்ல கடிகாரம் மெதுவா ஓடுனா மத்த ஹால் புள்ளைங்க சும்மா இருப்பாங்களா?"

"நீ யாரு கட்சி சித்தி?" என்று கத்தினேன்.

நான் விடவில்லை. எழுதி எழுதி அவர்கள் உயிரை வாங்கினேன். கடைசியில் நகல் பெட்டிகளுக்கென்று தனிப் பிரிவே தொடங்கினார்கள். அதில் சித்திக்கு முதல் இடம். ஸ்வீட் வாங்கிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"எனக்குக் கீழ யாரு?"

"யாரும் இல்ல."

"காப்பியடிச்ச புள்ளைய தனியா உக்கார வெக்கற மாதிரி வெச்சிருக்காங்க. எனக்கு வேணாம்டா."

அதன்பின் ஞாயிறுதோறும் கடலூருக்கு வந்தாள். கை பழகிய தாளத்தையெல்லாம் மறந்துவிட்டு, புது வேகத்துக்கு ஒவ்வொரு பள்ளமாகப் படித்தாள். எமுலேட்டரில் ஓட்டத்தை மெதுவாக்கி ஆடலாம், விழுவதற்கு முன்னால் சேமித்துக்கொண்டு திரும்ப வரலாம், யாருக்கும் தெரியாது என்று மெல்ல எடுத்துச் சொன்னேன். பரீட்சை ஹால் பார்வை ஒன்று பார்த்தாள். எந்தப் பெட்டியானாலும் ஆடுகிறவர் நேர்மையாக ஆடுகிறாரா என்பதுதான் கேள்வி என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த முறை அனுப்பியதை ஏற்றுக்கொண்டார்கள். பொதுவரிசையில் எங்கேயோ அடிவாரத்தில் ஓர் இடம். சித்தி திரையைத் தள்ளச் சொல்லி, மேலே இருந்தவர்களையும் கீழே இருந்த ஒரு சிலரையும் விரல் வைத்து வைத்துப் படித்தாள்.

"இத்தினி பேரு ஆடுறாங்களாடா!"

மறுநாள் சாயங்காலம் கல்லூரி முடிந்து வந்தபோது ஆட்டத்தின் பாட்டு தெருவரைக்கும் கேட்டது. ஜன்னல் திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்ன டீச்சர் பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேம் ஆடுறேன்" என்றாள் சித்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உள்ள வாங்க, கரண்ட் போறதுக்குள்ள நீங்களும் ஒரு ஆட்டம் ஆடலாம்."