அண்ணன் என்பதற்கு அத்தாட்சி

1936 மார்ச் 4: பிறந்தது.
1939 மார்ச் 4: அலுவலகப் பதிவேட்டின்படி பிறந்தது.
1958 ஜூன் 20: சைக்கிள், ஒன்று. தண்டனை ஒரு மாதம்.
1977 பிப்ரவரி 8: செங்கல், நாற்பது. தண்டனை பதினொரு நாள்.
2008 ஆகஸ்ட் 11: சக்கர நாற்காலி, ஒன்று. தண்டனை ஆறு ஆண்டு.
ஆகக் கூடுதல்: ஆறு ஆண்டு, ஒரு மாதம், பதினொரு நாள்.

மேலே கண்ட கணக்குக்கு உரியவர் ஏழு மாடிக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளும் ஒன்பது மாதங்களும் லிஃப்ட் ஓட்டியவர். எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். வேடிக்கை என்னவென்றால், அவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில்.

மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. மருத்துவமனை வாசல்வரை அவளைக் கொண்டுவர ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். வாசலில் நிறுத்த லிஃப்ட்காரருக்கு மனம் வரவில்லை. அப்படியே வீதிக்குத் தள்ளிக்கொண்டு போய், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரைப் பிடித்து மாடிக்கும் ஏற்றிவிட்டார். பதினான்காம் நாள் போலீஸ் வந்தபோது நாற்காலி சமையலறையில் இருந்தது. மனைவி அதில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் திருட்டுக்குக் குறைந்தது ஆறு ஆண்டு என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. திருடியது தங்கமா தகரமா என்று அது பார்ப்பதில்லை. திருடியவருக்குப் பல் இருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் இஷ்டம்னா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். ஒரு நாள்கூடக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார்.

இப்படி வந்து சேர்ந்தவர்களால் சிறையில் முதியோர் பிரிவு ஒன்றே உண்டாகிவிட்டது. மொத்தம் இருபத்தொன்பது பேர். பதினொரு பேருக்குக் காது கேட்காததால், காலையில் ஆள் எண்ணி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். எண்ணுகிற வார்டருக்கே ஐம்பத்தேழு வயது, இடுப்புவலி. கைதிகள் அவருக்குத் தைலம் கடன் கொடுப்பார்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு சந்து விட்டிருந்தார்கள். எழுபத்தைந்து வயதும் நிறைந்து, பாதித் தண்டனையும் முடிந்தவரை ஒரு குழு பார்த்து வெளியே விடலாம். தீர்ப்பாகி 2009 ஜனவரி 2 அன்று உள்ளே வந்த லிஃப்ட்காரருக்குப் பாதி முடிந்த நாள் 2012 ஜனவரி 1. ஜனவரி 3 அன்று ஒட்டிய பட்டியலில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர் இல்லை.

"உங்களுக்கு இன்னும் எழுபத்திரண்டுதானே ஆகுது. இளவட்டம். 2014 மார்ச்ல வாங்க" என்றார் வார்டர்.

தவறு லிஃப்ட்காரருடையதுதான். 1966இல் அந்தக் காப்பீட்டு அலுவலகம் இருபத்தெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை எடுக்கவில்லை. அவருக்கோ முப்பது. ஒரு பத்திர எழுத்தரைப் பிடித்து, மூன்று வயது குறைத்து ஒரு சான்று வாங்கிக் கொடுத்திருந்தார். சிறைப் பதிவேட்டிலும் அந்தத் தேதியே ஏறியிருந்தது. 1958இல் சைக்கிள் வழக்கிலும் தனக்குப் பதினேழுதான் என்று சாதித்துப் பார்த்தார். நீதிமன்றக் குமாஸ்தா அவருடைய மீசையைப் பார்த்துவிட்டு 'சுமார் இருபது' என்று எழுதிக்கொண்டார். பதிவேட்டில் 'சுமார்' என்று எழுதுகிறவனை என்ன சொல்வது.

வாரம் ஒருமுறை மனைவியோடு தொலைபேசியில் பத்து நிமிடம் பேசலாம். நாற்காலியைச் சாட்சிப் பொருளாக எடுத்துப் போன நாளிலிருந்து அவள் கீழே இறங்கவில்லை. காய்கறி, மருந்து எல்லாம் ஜன்னலிலிருந்து கயிற்றில் இறங்கும் கூடையில்தான் மேலே போகும்.

"இன்னும் ரெண்டு வருஷமாங்க? நான் இருப்பேனான்னு எனக்கே உத்தரவாதம் இல்லை. ஊர்ல இருக்கறவங்க சைக்கிளைத் திருடுவாங்க, செங்கல்லைத் திருடுவாங்க. சொந்த வயசுல மூணு வருஷத்தைத் திருடின ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"அதைச் சொன்னா அதுக்கும் ஒரு கேஸ் போட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு."

"போடட்டும். மூணு திருட்டுக்கு ஆறு வருஷம்னா, நாலு திருட்டுக்கு என்னதான் பண்ணுவாங்கன்னு பாத்துடலாம்."

ஜனவரி 9 அன்று தம்பி பார்க்க வந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவர். பிறந்த தேதி 1937 செப்டம்பர் 19 என்பதில் எந்த இடத்திலும் பிசகு கிடையாது. பார்வையாளர் சீட்டில் வயது 74, உறவு 'தம்பி' என்று எழுதிக் கொடுத்தார். வாசல் எழுத்தர் அதை அடித்து 'அண்ணன்' என்று திருத்தினார்.

"ஐயா, அவருக்கு எழுபத்திரண்டு. உங்களுக்கு எழுபத்திநாலு. நீங்கதான் அண்ணன்."

"யோவ், அவன் எனக்கு முன்னாடி பிறந்தவன்யா."

"பதிவேடு அப்படிச் சொல்லலையே. தம்பின்னு போட்டா சீட்டு செல்லாது. உள்ளே போகணுமா வேண்டாமா?"

தம்பி அண்ணனாகவே உள்ளே போனார். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததும் பொரிந்து தள்ளினார். "அந்தக் காலத்துல என் ரேடியோவை எடுத்துட்டுப் போனே, சும்மா இருந்தேன். இப்ப நான் தம்பிங்கறதையும் எடுத்துட்டியே அண்ணா."

பக்கத்தில் நின்ற வார்டர் சிரித்துவிட்டார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "இவர் உங்களை அண்ணான்னு எப்பவாவது எழுதியிருக்காரா? பழைய கடுதாசி ஏதாவது? இப்ப எழுதினது வேண்டாம், அதை ஒத்துக்க மாட்டாங்க."

எழுதியிருந்தார். நாற்பது வருடக் கடிதங்கள் பரணில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. மனைவியால் பரணில் ஏற முடியாது. எதிர்வீட்டுக்காரி இறக்கிக் கொடுக்க, அவள் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். வார்டர் தன் விடுமுறை நாளில் போய் ஜன்னலுக்குக் கீழே நின்றார். கூடை இறங்கியது. அதில் ஒரு மடிப்புக் கடிதமும் இரண்டு எலுமிச்சம்பழமும் இருந்தன.

"பழம் உங்களுக்கு. கடுதாசி அவருக்கு. மாத்திக் கொடுத்துடாதீங்க" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

குழு கூடியது மார்ச் 16. இரண்டு உறுப்பினர்கள், ஒரு தலைவி. தலைவிக்கு ஐம்பது வயது இருக்கும்.

"உங்க நிஜ வயசுதான் என்ன?" என்றார் அவர்.

"எழுபத்தாறு முடிஞ்சு பன்னிரண்டு நாளும்மா. ஆனா நீங்க நம்பறது கஷ்டம். நான் இடத்துக்கு ஒண்ணு சொல்லியிருக்கேன்."

உறுப்பினர் ஒருவர் நிமிர்ந்தார். "அப்போ அலுவலகத்தை ஏமாத்தி மூணு வருஷம் கூடுதலாச் சம்பளம் வாங்கியிருக்கீங்க."

"மூணு வருஷம் கூடுதலா வேலையும் பாத்தேங்க."

"இதுக்கே தனியா ஒரு வழக்கு போடலாம்."

"யார் புகார் கொடுப்பாங்க?" என்றார் தலைவி. "அந்தக் கம்பெனியை மூடிப் பத்து வருஷம் ஆச்சு. கடுதாசியைக் கொடுங்க."

தம்பி தபால்காரப் புத்தியோடு, முத்திரை தெளிவாக விழும்படி பார்த்து அனுப்பிய கடிதம் அது. செய்தியும் முகவரியும் ஒரே தாளில். முத்திரையில் 1971 நவம்பர் 2. தலைவி வாய்விட்டுப் படித்தார்:

"அண்ணா, இரண்டு நாளில் தருகிறேன் என்று எடுத்துப் போன ரேடியோ ஆறு மாதமாக உன்னிடம் இருக்கிறது. ஒரு வருஷம் ஆறு மாதம் பதினைந்து நாள் முந்திப் பிறந்துவிட்டாய் என்பதற்காகத்தான் உன்னை அண்ணா என்று எழுதுகிறேன். புத்தியில் நான்தான் உனக்கு அண்ணன்."

உறுப்பினர் காகிதத்தில் கழித்துப் பார்த்தார். 1937 செப்டம்பர் 19இலிருந்து கழித்தால், 1936 மார்ச் 4. மறுபடியும் கழித்தார். அதேதான் வந்தது.

"மரியாதைக்காகக்கூட அண்ணான்னு எழுதியிருக்கலாமே" என்று இழுத்தார்.

"இந்தக் கடுதாசியில மரியாதை எங்கே இருக்குன்னு காட்டுங்க பாப்போம்" என்றார் தலைவி. "எனக்கும் ஒரு தம்பி இருக்கான். திட்டும்போதுதான் அவனுக்கு நான் அக்காங்கறது ஞாபகம் வரும்." கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 27 அன்று லிஃப்ட்காரர் மூன்று மாடியையும் ஏழு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினார். கதவு திறந்தே இருந்தது. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்து, "எழுபத்தாறா? நான் எண்பதுன்னு சொல்லியிருப்பேன்" என்றாள். அடுத்த வாரம் தம்பி ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்தார். கைப்பிடியில் ரசீதைக் கட்டியிருந்தார்.

இரண்டு ஆண்டு கழிந்தது. சிறைத்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குழு அவரை விடுவித்ததே தவிர, பதிவேட்டில் பிறந்த தேதியை யாரும் திருத்தவில்லை. தங்களுக்கு 75 வயது நிறைந்துவிட்டபடியால் விடுதலைக்கு மனுச் செய்யலாம். மனுவைத் தங்கள் பிரிவு வார்டரிடம் நேரில் ஒப்படைக்கவும் என்றிருந்தது. உறைமேல் சிவப்பு மையில் 'பிரிவில் ஆள் காணப்படவில்லை, வீட்டு முகவரிக்கு அனுப்புக' என்று ஒரு குறிப்பு.

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். "போய் உள்ள உக்காந்துட்டு வாங்க. விடுதலை பண்றாங்களாம்" என்றாள்.

கடிதம் வந்து சேர்ந்த தேதி: 2014 மார்ச் 6.