இருபத்தெட்டு மில்லிமீட்டர் சிப்பாய்

அந்த வாரம் அப்பாவுக்கு நைட் ஷிப்ட். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் அவருக்கு வேலை. காலையில் வந்து படுத்தால், நாங்கள் டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைப்போம். இப்போது நானும் ஷிப்டுக்குப் போகிறவள். அந்த அலுப்பை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அப்போது ஒன்பது வயது. ஒரு சிப்பாயைத் தொலைத்திருந்தேன்.

சிப்பாய் பெங்களூர் அத்தை மகனுடையவன். மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் நடத்தும் ஆட்டம் அது. மாமா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது. லீவுக்கு வந்தவன் பெட்டியை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மாம்பழம் எடுத்துப்போக எல்லோரும் வரும்போது வாங்கிக்கொள்வானாம். தொடாதே என்றும் சொல்லியிருந்தான். தொட்டேன். குழாயடியில் ஒருவனுக்கு நீச்சல் பழக்கினேன். அவன் சாக்கடையோடு போய்ச் சேர்ந்தான்.

அம்மாவிடம் சொன்னேன். "உங்க தங்கச்சி வாயில என்னால விழ முடியாதுங்க" என்று அப்பாவை எழுப்பியேவிட்டாள். அவர் நடந்ததைக் கேட்டுக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே, "எவ்ளோ ஒசரம்?" என்றார். பெட்டிமேல் 28 மி.மீ. என்று போட்டிருந்ததைப் படித்தேன். மாதிரிக்கு இன்னொருவனைக் கொண்டுபோக அம்மா விடவில்லை. ஒன்று போனது போதும் என்று பெட்டியை பீரோமேல் ஏற்றிவிட்டாள். அப்பாவும் கேட்கவில்லை. அளவைச் சொல்லிவிட்டால் அவருக்கு அது போதும்.

மூன்று நாள், ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிய பித்தளைத் துண்டை நின்றபடியே அரத்தால் ராவினார். மதியம் வந்து தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவார். சனிக்கிழமை சிப்பாய் வந்தான். தொப்பி, துப்பாக்கி, மீசைகூட இருந்தது. உள்ளங்காலிலிருந்து தொப்பி நுனிவரை சரியாக இருபத்தெட்டு. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தாராம்.

ஞாயிறன்று அத்தை வீட்டார் வந்ததும் பெட்டி இறங்கியது. வரிசையில் நிறுத்தினால், நம் ஆளின் தொப்பி மற்றவர்களின் கண்ணுக்குத்தான் எட்டியது. தலை வேறு மிளகு அளவு.

"மாமா, இதுல கண்ணு வரைக்கும்தான் அளப்பாங்க, தொப்பியெல்லாம் கணக்குல வராது. தலையும் கையும் வேணும்னே பெருசா செய்வாங்க, தூரத்துல இருந்து தெரியணும்ல" என்றான் அத்தை மகன். பாவம், அவன் மரியாதையாகத்தான் சொன்னான்.

அவன் அப்பாவான மாமாதான் பிடித்துக்கொண்டார். "நம்ம பீஸ் ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆனதில்லம்பீங்களே மச்சான்! கடைசில ஒரு பொம்மை கவுத்துடுச்சே!" எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா சிப்பாயை எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தரக்கட்டுப்பாட்டுக்காரர் திருப்பி அனுப்பிய சாமானையும் அவர் அப்படித்தான் பார்த்திருப்பார் என்று இன்று தோன்றுகிறது.

அத்தை விடவில்லை. "அது சரி, மொதல்ல இருந்தவன் எங்க? யாரு தொலைச்சது?" என்று நேராக என்னைப் பார்த்தாள். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

"நான்தாம்மா. தூக்கக் கலக்கத்துல கைதவறி உட்டுட்டேன்" என்றார் அப்பா.

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். மூன்று நாள் சரியாகத் தூங்காததில், தொலைத்தது யார் என்பதே அவருக்கு மறந்துவிட்டது என்று நான் நினைத்தேன். தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில், அவரைப் பார்த்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.