சூப்பர்வைசர் வந்தால் வேலையை நிறுத்தும் கம்ப்யூட்டர்

ஆம்பூரில் நான் குடியிருந்த மாடி அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை மாதத்து மதியத்தில் உள்ளே படுத்தால் ஒரு பக்கம் வெந்ததும் மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதனால் வேலை இல்லாத பகல்களில் கீழே, வீட்டுக்கார அம்மாவின் முன்னறையிலேயே கிடப்பேன். அவரைத் தெருவே ஆபா என்று கூப்பிடும். உருதுவில் அக்கா. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது எனக்கு. அப்புறம் விரிஞ்சிபுரம் பக்கம் செங்கல் சூளை, பாகாயத்தில் ஒரு ஹாஸ்டல் சமையலறை, வாணியம்பாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். சலித்துப்போனால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ். தனியாக வருகிற பொம்பளைக்கு எந்த ஊரிலும் லேசில் அறை கிடைக்காது. ஆபா ஒரே கேள்விதான் கேட்டார், தண்ணீரை வீணாக்குவியா என்று. மாட்டேன் என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார்.

முன்னறையில் அவருடைய கம்ப்யூட்டர் இருந்தது. ஆபா முன்பு ஷூ கம்பெனியில் லைனில் தைத்தவர். பிறகு பேட்டர்ன் அறைக்குப் போய், ஒரு ஷூவின் மேல்பாகத்துக்கு எந்தத் தோல் துண்டை எந்த வளைவில் வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டார். ஒரு காலம் வந்தது, சாயங்காலமானால் கால் வீங்கி செருப்புக்குள் நுழையாது. கம்பெனி வேனில் ஏறி இறங்குவதே பெரும்பாடு. நின்றுவிட்டார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வரைய ஆரம்பித்தார்.

அந்தக் கம்ப்யூட்டர் போட்ட சத்தத்தைச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் ஃபேன் எப்போதும் மாவு மில் மாதிரி ஓடும். பின்பக்கத்திலிருந்து அனல் காற்று அடிக்கும். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. இந்த வெயிலில் மனுஷனுக்கே மூச்சு வாங்குகிறது, மெஷினுக்கு வாங்காதா என்பதுதான் எல்லோருடைய விளக்கமும்.

ஆபாவின் தங்கைக்கு அந்த அனல் பெரிய வசதி. அவள் அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கம்பெனியிலிருந்து தோல் துண்டுகளை வாங்கி வந்து, ஓரத்தில் பால் மாதிரி வெள்ளைப் பசை தடவி, அரைகுறையாகக் காய்ந்ததும் மடித்துத் தட்டிக் கொடுப்பாள். சரியான பதத்தில் காய வைப்பதுதான் அதில் பேஜார். அவள் ஒரு தட்டு நிறையத் துண்டுகளைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால் வைப்பாள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பதமாகிவிடும். மேஜைக்கு அடியில் எந்நேரமும் ஒரு தட்டு காய்ந்துகொண்டே இருக்கும். இந்தக் கம்ப்யூட்டருக்கு நல்ல மனசு என்பாள்.

நல்ல மனசுள்ள கம்ப்யூட்டர் அந்த வாரம் ஆபாவைக் கழுத்தறுத்தது. ஒரு கம்பெனியின் சாம்பிள் பிரிவில் அவருக்கு ஒரு வெள்ளோட்டம் கொடுத்திருந்தார்கள். லேடீஸ் ஷூ ஒன்றுக்குப் பேட்டர்ன் வரைந்து, எல்லா சைஸுக்கும் விரித்து, சனிக்கிழமை பென்டிரைவில் கொண்டுவர வேண்டும். பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே நிரந்தரமாக வேலை. இல்லையென்றால் மறுபடி அந்த வேன், அந்த லைன், அந்தக் கால். ஆனால் திரையில் ஒரு புள்ளியைப் பிடித்து நகர்த்தினால் அது யோசித்து, யோசித்து, நாம் வேறு பக்கம் பார்க்கும்போது நகர்ந்தது.

பிரவுசிங் சென்டரில் நீ இருந்தவள்தானே, கொஞ்சம் பாரேன் என்றார் ஆபா. அங்கே நான் பெருக்கியதும் டீ வாங்கி வந்ததும்தான் ஜாஸ்தி, கம்ப்யூட்டரைத் தொட்டது கம்மி. ஆனாலும் ஸ்க்ரூ டிரைவர் கையில் வந்தவுடன் எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து, பூனைக்குட்டி அளவுக்குச் சேர்ந்திருந்த தோல் தூசியை வெளியே எடுத்தேன். மூடிப் போட்டால், முன்னைவிட உற்சாகமாகக் கத்தியது.

எந்த வேலை கம்ப்யூட்டரை எவ்வளவு தின்கிறது என்று காட்ட அதிலேயே ஒரு ஜன்னல் உண்டு, டாஸ்க் மேனேஜர். அதைத் திறந்தேன். ஃபேன் சட்டென்று அடங்கியது. ஜன்னலில் பார்த்தால் எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மூடினேன். மறுபடி மாவு மில். திறந்தேன், அமைதி. மூடினேன், மில். ஆபா மவுசைப் பிடுங்கித் தானே செய்து பார்த்தார். தங்கை வந்து அவளும் செய்து பார்த்தாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், ஏன் என்று தெரியாமலே. முதலில் நிறுத்தியது ஆபாதான்.

"எங்க லைன்ல சூப்பர்வைசர் வந்தா எல்லாரும் குனிஞ்சி வேலை செய்வோம். இது இன்னாம்மா, சூப்பர்வைசர் வந்தா வேலையை நிறுத்துது?"

அந்தக் கேள்வியை அப்படியே போனில் தேடினேன், கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில். யாரோ ஒருவர் வீடியோவில் நிதானமாக விளக்கினார். நமக்குத் தெரியாமல் உள்ளே ஒரு புரோகிராம் ஒளிந்துகொண்டு, இரவு பகலாகக் கணக்குப் போட்டு, வேறு எவனுக்கோ கிரிப்டோ காசு தோண்டித் தரலாம். ஆள் பார்க்கிறார் என்று தெரிந்தால் பதுங்கிவிடும். நெட்டைப் பிடுங்கிப் பாருங்கள் என்றார். பிடுங்கினோம். கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாக ஓய்ந்தது.

"அப்போ என் மெஷின்ல உக்காந்து எவனோ அவன் பீஸைத் தச்சிக்கினு இருக்கான்," என்றார் ஆபா. கரண்டும் அவருடையது, மெஷினும் அவருடையது. இதைவிடச் சரியாக அந்த வீடியோக்காரரும் சொல்லவில்லை.

"தச்சிக்கினு போறான் விடு ஆபா, காத்து நல்லா வருதே," என்றாள் தங்கை.

எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. நெட்டை மறுபடி மாட்டினாலும், டாஸ்க் மேனேஜரைத் திரை ஓரத்தில் திறந்தே வைத்துவிட்டால், அந்தப் பயல் பயந்து பதுங்கியே கிடப்பான். ஆபா வரைந்து முடித்துவிடலாம். செய்தோம். புள்ளிகள் துள்ளி நகர்ந்தன. சூப்பர்வைசர் மூலையில் உட்கார்ந்திருக்க, ஆபா ஒரு முழுப் பகல் வரைந்தார். அப்புறம் மவுசை வைத்துவிட்டு, பென்டிரைவைக் கையில் எடுத்து வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இது மேல ஏறி அவனும் வந்துட்டா? கம்பெனிக்குள்ள நானே கையைப் புடிச்சிக் கூட்டினு போய் உட்டா மாதிரி ஆயிடும். சுத்தம் பண்ணாம குடுக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை தேடுதல் வேட்டை. டாஸ்க் மேனேஜர் யூனிஃபார்ம் போட்ட போலீஸ் என்றால், அதே வேலையை மஃப்டியில் செய்கிற வேறு புரோகிராம்கள் இருக்கின்றன. ஒன்றை இறக்கினேன். பயலுக்கு அதை அடையாளம் தெரியவில்லை, பாவம். மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தவன் பட்டென்று மாட்டினான். விண்டோஸின் சொந்தப் பிள்ளை மாதிரியே பெயர் வைத்திருந்தான். ஆனால் குடியிருந்தது சம்பந்தமில்லாத ஒரு ஃபோல்டரில். கொன்றேன். நான் கையெடுப்பதற்குள் எழுந்து வந்தான். மறுபடி கொன்றேன், மறுபடி வந்தான். தங்கைக்கு அவன்மேல் மரியாதையே வந்துவிட்டது.

குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டியவற்றை விண்டோஸ் ஓரிடத்தில் வைத்திருக்கும். அங்கே போய்ப் பார்த்தால், சவுண்ட் டிரைவர் அப்டேட் என்ற பெயரில் ஒன்று அவனைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. அத்தியாவசியமானது மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திரை கறுத்து எழுத்தெல்லாம் பெரிதாகியதும் ஆபா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் எழுப்புகிறவனை அழித்தேன், பிறகு ஃபோல்டரோடு அவனை. எழவில்லை.

வந்த வழியும் தெரிந்தது. எங்கள் தெருவில் பேட்டர்ன் வரைகிற வீடுகளுக்கெல்லாம் புரோகிராம் ஏற்ற ஒரே பென்டிரைவ்தான், கல்யாண வீட்டு அண்டா மாதிரி கேட்டவர்களுக்கெல்லாம் போய் வரும். அதில் பூட்டு உடைத்த பேட்டர்ன் புரோகிராம். கூடவே ஒரு குறிப்பு: ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும். நாயைக் கட்டிப்போட்டுக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். இந்த ஃபோல்டரைப் பார்க்காதே என்று அவன் ஆன்டிவைரஸுக்குக் கொடுத்திருந்த உத்தரவை எடுத்துவிட்டு முழுசாகத் தேடவிட்டதும், நேராகப் போய் அந்தப் பேட்டர்ன் புரோகிராமின் மேலேயே சிவப்புக் குறி வைத்தது.

அதுவும் போயாக வேண்டும். வரைந்தது பத்திரமாக இருந்தது. சைஸ் விரிக்கத்தான் ஆயுதம் இல்லை. ஆபா என்னைப் பார்த்தார். அழுதுவிடுவாரோ என்று நினைத்து, அந்தப் புரோகிராமைச் செய்கிற கம்பெனியின் பக்கத்தைச் சும்மா திறந்தேன். பழகிப் பார்ப்பதற்காகக் கொஞ்ச நாள் இலவசமாகவே தருகிறோம் என்று பெரிய பச்சைப் பொத்தானில் எழுதியிருந்தது.

ஆபா அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். "சும்மா குடுக்கறதைத் திருடி, கூடவே ஒரு திருடனையும் வாங்கினு வந்திருக்கோம்," என்றார். அப்புறம் சிரிப்பு அடங்கவே இல்லை. சிரித்துக்கொண்டே சாயங்காலத்துக்குள் எல்லா சைஸையும் விரித்து முடித்தார். அவன் பார்த்திருப்பானோ என்று தன் பாஸ்வேர்டுகளையும் என் போனிலிருந்து மாற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை தன் பென்டிரைவையும் ஆன்டிவைரஸில் சோதித்து, புர்காவை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனார். நானும் தங்கையும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கை கை சும்மா இருக்கவில்லை. பசை தடவி, தட்டைப் பழக்க தோஷத்தில் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள். டீ ஆயிற்று, இன்னொரு டீயும் ஆயிற்று. பசை பாலாகவே இருந்தது. பெட்டியின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜில்லுனு கீதுக்கா," என்றாள் என்னிடம், நான் யாரையோ கொன்றுவிட்ட மாதிரி.

ஆபா வந்தார். செருப்பைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், எங்களைத் துடிக்கவிட்டார். அப்புறம், ஒரு சைஸ்கூடப் பிசகவில்லையாம், அடுத்து பூட்ஸ் தருகிறார்களாம், அந்தக் கூலியில் புரோகிராமை முறையாக வாங்கிவிடலாமாம் என்றார். வேனைப் பற்றி யாரும் பேசவில்லை. தங்கை சந்தோஷமாக அக்காவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே, அது சரி, என் பீஸ் எங்கே காயும் என்று கேட்டாள்.

ஆபா கொஞ்சம் யோசித்து, விரலை மேலே காட்டினார். என் அறை. தங்கை தட்டுகளை அடுக்கிக்கொண்டு மாடி ஏறினாள். உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதற்குள் முதல் வரிசை பதமாகிவிட்டது என்று மேலிருந்தே குரல் கொடுத்தாள். இவ்வளவு நல்ல அறையை நான் பகலில் சும்மா போட்டு வைத்திருந்தேனாம்.